மலையடி வீட்டில் கை நனைக்காத மத்தியானம்

பேர்லினில் நாங்கள் இருக்கிற நொய்கெல்னில் தமிழ்க் கடைக்குக் கறிவேப்பிலை எடுக்கப் போனால்கூட என்னை விடமாட்டார்கள். "அக்கா, யப்பானுக்குப் போய் வந்தனீங்களாமே, என்ன மாதிரி இடம்?" என்று யாராவது கேட்பார்கள். பூ மரங்களைப் பற்றியும் பறந்து ஓடுகிற ரயிலைப் பற்றியும் சொல்லப்போகிறேன் என்று நினைத்து என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வயலுக்கும் மலைக்கும் நடுவில் ஒரு ஊர், அங்கே மேசை நிறையச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு நாங்கள் பட்டினி கிடந்தோம் என்பேன். சிரிப்பார்கள். நான் பகிடிக்குச் சொல்வதில்லை. அந்த மத்தியானத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வரும்.

மகன் பேர்லினில் பிறந்து, பேர்லினில் படித்து, யப்பானில் வேலை எடுத்துக்கொண்டு போனவன். அவன் விரும்பிய பிள்ளை இங்கே கட்டடக்கலை படிக்க வந்த யப்பான் பிள்ளை. பல்கலைக்கழகச் சாப்பாட்டுச் சாலையில் பழக்கமாம். படிப்பு முடிந்து அவள் ஊருக்குத் திரும்பினாள், அடுத்த கோடைக்குள் இவனுக்கும் அங்கேயே ஒரு வேலை. வேலை கிடைத்ததால் போனானா, பிள்ளை போனதால் வேலை கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. எனக்கு அவளைப் பிடிக்கும். எங்கள் வீட்டுக் குசினியில் நின்று, புத்தகத்தில் படித்த ஜெர்மனில், "நான் வெங்காயம் உரிக்கலாமா?" என்று கேட்டு, கண்ணீர் விட்டுக்கொண்டு ஒரு சட்டி வெங்காயத்தை உரித்து முடித்தவள். நானோ முதியோர் இல்லத்துச் சமையலறையில் பழகிய ஜெர்மன் பேசுகிறவள். எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

கலியாணம் செய்யப்போகிறோம் என்று மகன் சொன்னபோது, "ஒருக்கா வந்து அவையின்ர அப்பா அம்மாவைச் சந்தியுங்கோ, அவ்வளவுதான்" என்றான். அவ்வளவுதான் என்ற சொல்தான் என்னவருக்குப் பிடிக்கவில்லை. பொம்பிளை கேட்டுப் போவதென்றால் முறையாகப் போகவேண்டும் என்றார். இவர் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரு பையோடு இறங்கி, இத்தாலிக்காரர் உணவகத்துக் குசினியிலேயே முடி நரைத்த மனிதர். ஜெர்மன்காரனின் ஒழுங்கும் யாழ்ப்பாணத்தானின் பிடிவாதமும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன வருமோ, அதுதான் இவர். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சொன்னால், நாலாவது காலை நாங்கள்தான் ஒளித்து வைக்கவேண்டும்.

நான் பயற்றம் பணியாரமும் சீனி அரியதரமும் சுட்டு, தகரப் பெட்டிகளில் அடைத்தேன். விமானத்தில் ஏறிச் சாப்பாட்டுத் தட்டு வந்து போன பிறகு இவர் திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"அங்கை கை நனைக்கிறேல்ல, என்ன? அவை வாயாலை ஓம் எண்டு சொன்ன பிறகுதான்."

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், சம்மதம் என்ற வார்த்தை வரும்வரை ஒன்றையும் வாயில் வைக்கமாட்டார்கள். அங்கே சாப்பிடுவதைத்தான் கை நனைக்கிறது என்போம். கை நனைத்தால் காரியம் முடிந்தது. அதற்குப் பிறகு குழம்பினால், பெட்டைக்குத்தான் பழி. எனக்கும் இது தெரியாததல்ல. தேத்தண்ணியாவது குடிக்கலாமோ என்று கேட்டேன். தேத்தண்ணியும் கை நனைக்கிறதுதான் என்றார். சரி, போய் இருந்த கையோடு கேட்டுவிட்டால் அவர்கள் ஓம் என்று சொல்லிவிடுவார்கள், பிறகு சாப்பிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். மகனுக்கு நீச்சல் பழக்கினோம், தேவாரம் பாடமாக்கினோம், சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு ஓடினோம். இந்த வழக்கத்தை மட்டும் அவனுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லவேண்டும் என்று அன்றைக்கும் எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை போய் இறங்கினோம். அந்த ஊரை அங்குள்ளவர்களே படுக்கை ஊர் என்பார்களாம். பகலில் பெரிய நகரத்துக்கு வேலைக்குப் போய், இரவில் வந்து படுப்பதற்கென்று கட்டிய ஊர். ஸ்டேசனில் நின்று ஒரு பக்கம் பார்த்தால் வயல், பிளாஸ்டிக் கூடாரம், பெரிய கடையொன்றின் கார் தரிப்பிடம், பிறகும் வயல், கண்ணுக்கெட்டிய தூரம்வரை தட்டைத் தரை. மற்றப் பக்கம் திரும்பினால் மலை முகத்தில் இடிக்கும். இடையில் ஒரு சரிவு, அதிலே வரிசை வரிசையாக வீடுகள். கடைசி வரிசையின் வேலிக்குப் பின்னாலேயே காடு தொடங்கிவிடும். கறுத்த பச்சையில், நேரே நிமிர்ந்து, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கிற மரங்கள். தெருமுனையில் கரடிப் படம் போட்ட ஒரு பலகை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போற றோட்டில கரடிப் படமோ என்று இவர் பகிடி பண்ணினார். பகிடியில்லை, இலையுதிர் காலத்தில் உண்மையாகவே இறங்கி வருமாம்.

கரடி வந்தாலும் கண்டிருக்கலாம், மனிதரைத்தான் காண முடியவில்லை. மத்தியானத்தில் அந்தத் தெருக்களில் நடந்தால் எங்கள் சப்பாத்துச் சத்தம்தான் எங்களுக்குக் கேட்கும். நொய்கெல்னில் ஒரு பாண் வாங்கப் போனாலே நாலு பேரோடு முட்டுப்பட்டு, இரண்டு பேரிடம் ஏச்சு வாங்கி வருகிற எனக்கு அந்த அமைதி தலையிடியைத் தந்தது. பின்னேரம் ஐந்து மணிக்கு ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் ஒரு மெட்டுப் போனது. கோயில் திருவிழாவாக்கும் என்று இவர் ஹோட்டல் கட்டிலிலிருந்து எழுந்து யன்னலுக்குப் போனார். விளையாடுகிற பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்கிற மணியாம். ஒரு பிள்ளையையும் நான் காணவில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைப்பு. மகன் எங்களைச் சரிவால் கூட்டிக்கொண்டு போனான். கடைசிக்கு முதல் வரிசையில், மண்ணிறக் கதவு போட்ட வீடு. தாயும் தகப்பனும் வாசலிலேயே நின்று குனிந்தார்கள். நாங்களும் குனிந்தோம். அவர்கள் திரும்பவும் குனிந்தார்கள். இவருக்கு இடுப்புப் பிடிப்பு. நான் பின்னால் நின்று சேர்ட்டைப் பிடித்து நிமிர்த்திவிட்டேன்.

தகப்பன் மெலிந்த மனிதர், ஓய்வு பெற்றவர். வேலை செய்த காலம் முழுக்க விடியுமுன் ரயிலேறி, இருட்டிய பிறகு இறங்கியவராம். சொந்த ஊரை வெளிச்சத்தில் பார்க்கத் தொடங்கியதே இப்போதுதான் என்று பிள்ளை முன்னம் எனக்குச் சொல்லியிருந்தாள். அவருக்கு லேசில் பேச்சு வராது. தாய் பம்பரம். ஒரு நிமிடம் இருக்கமாட்டார்.

நான் பலகாரப் பெட்டியை நீட்டினேன். தாய் இரண்டு கையாலும் வாங்கி, நெற்றிவரை உயர்த்தி, உள்ளே கொண்டுபோனார். அந்த அறையில் ஒரு சின்ன மாடம், அதிலே இறந்துபோன ஒரு கிழவரின் படம். எங்கள் பணியாரத்தைக் கொண்டுபோய் அந்தப் படத்துக்கு முன்னால் வைத்து, மணியொன்றைத் தட்டிவிட்டு வந்தார். இவர் என்னைப் பார்த்தார். கலியாணப் பலகாரத்தைச் செத்தவருக்குப் படைத்துவிட்டார்கள். ஒருவரும் ஒன்றை எடுத்து வாயில் வைக்கவும் இல்லை. எனக்கும் அது அபசகுனமாகப் பட்டது. ஆனால் வந்த இடத்தில் என்ன கேட்பது?

மேசை தரையோடு இருந்தது. இவருடைய முழங்கால் மடங்காது. காலை மேசைக்குக் கீழே நீட்டிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து இருந்தார். மேசையில் ஒரு இடைவெளி இல்லை. தலையோடு சுட்ட முழுச் சிவப்பு மீன். அன்று காலை தகப்பன் காட்டோரத்தில் தோண்டி எடுத்த மூங்கில் குருத்து, இரண்டு மூன்று விதமாகச் சமைத்தது. நடுவில் கறுத்த பெட்டியில் சிவந்த சோறு, பயறு போலச் சிவப்பாக என்னவோ போட்டு அவித்து, மேலே எள்ளுத் தூவியது. ஊர்ச் சிவப்பரிசிச் சோறு மாதிரியே இருந்தது. நான் காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

தேநீர் வந்தது. இவர் கிண்ணத்தைத் தொடவில்லை. நானும் தொடவில்லை.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மகனைப் பார்த்துச் சொன்னார்.

"எங்கட மகனுக்கு உங்கட மகளைக் கேட்டு வந்திருக்கிறம். உங்களுக்குச் சம்மதமோ எண்டு நீங்கள் வாயாலை சொல்லவேணும். இதை அப்பிடியே சொல்லு."

எங்கள் தமிழை மகன் ஜெர்மனுக்கு மாற்றவேண்டும், பிள்ளை அதை யப்பான் மொழிக்கு மாற்றவேண்டும். தன் கலியாணத்தைத் தானே மொழிபெயர்க்க வேண்டிய நிலை அவளுக்கு. மகன் ஜெர்மனில் சொன்னான்: "உங்களைச் சந்தித்ததில் என் பெற்றோருக்கு மிகவும் சந்தோசம்." நான் என்ன செவிடா? என் காதில் விழாதா? முழங்கையால் இடித்தேன். இங்கை இப்பிடி நேராய்க் கேக்கிறேல்ல அம்மா, அவைக்கு அந்தரமாய்ப் போயிடும் என்று தமிழில் முணுமுணுத்தான். தகப்பன் தலையைக் குனிந்து, அவர்களுக்கும் சந்தோசம் என்றாராம். பிறகு சாப்பாட்டைக் காட்டினார்.

இவர் அசையவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டேன், பதில் வரட்டும் என்று காத்திருந்தார். பதில் எப்படி வரும்? கேள்வியே அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை! இதை நான் இவருக்குச் சொல்லியிருப்பேன். ஆனால் மகன் கேள்வியை விழுங்கிவிட்டான் என்று அந்த இடத்தில் சொன்னால் இவரும் மகனும் அங்கேயே சண்டை பிடிப்பார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் மூன்று பேரில் மகன் மட்டும் நன்றாகச் சாப்பிட்டான். "அம்மா, சாப்பிடுங்கோவன்" என்று வேறு சொன்னான். நான் பிரயாணக் களைப்பு, வயிறு சரியில்லை என்று ஜெர்மனில் பொய் சொன்னேன். பிள்ளை தாய்க்குச் சொன்னாள். தாயின் முகம் மாறியது. உடனே எழும்பி முள்ளுக்கரண்டி கொண்டுவந்தார், அவர்கள் சாப்பிடுகிற அந்த இரண்டு தடிகளால் சாப்பிடத் தெரியாதாக்கும் என்று. தொடவில்லை. இவருக்குக் கால் வலிக்கிறதாக்கும் என்று குசினியிலிருந்து கதிரை கொண்டுவந்தார். இவர் நன்றி சொல்லி அதில் ஏறி இருந்தார், சாப்பாட்டைத் தொடவில்லை. ஜெர்மனியிலிருந்து வந்தவர்களாயிற்றே என்று பாணும் வெண்ணெயும் வந்தன. தொடவில்லை. தோடம்பழம் உரித்துச் சுளை சுளையாக அடுக்கி வந்தது. அந்த வாசம் என்னைக் கொன்றுவிட்டது. அந்த அம்மா ஒவ்வொரு தரமும் ஓடி ஓடி எதையாவது கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் கையைப் பார்த்தார். பந்திக்கு முந்து என்று பழமொழி வைத்திருக்கிற சனத்தில் பிறந்துவிட்டு, இந்த மனிதர் பந்தியில் கோயில் சிலை மாதிரி இருக்கிறாரே என்று எனக்குள் கொதித்தது. மேசைக்குக் கீழே இவருடைய காலை மிதித்தேன். இவர் திரும்பவே இல்லை.

கடைசியில் தகப்பனும் தன் தடிகளைக் கீழே வைத்தார். பிறகு ஒருவரும் சாப்பிடவில்லை. சோறு ஆறியது. மூங்கில் குருத்தின் மேல் எண்ணெய் உறைந்தது. நாங்கள் எழும்பி வந்தோம். தெருத் திருப்பத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். தாயும் தகப்பனும் இன்னும் வாசலில் குனிந்தபடி நின்றார்கள். பிள்ளை குனியவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஹோட்டலுக்கு வந்ததும் இவர் கடையில் வாங்கிய சோற்றுருண்டையின் பிளாஸ்டிக்கை உரிக்கத் தெரியாமல் பல்லால் கிழித்துச் சாப்பிட்டார். அவை ஒரு வார்த்தை சொல்லேல்லைப் பார்த்தீரோ, எங்கட பலகாரத்தையும் தொடேல்ல, அவைக்கு விருப்பமில்லை என்றார். எனக்கு வந்த கோபத்தில் மகன் கேள்வியை விழுங்கிய கதையை அப்படியே போட்டு உடைத்தேன். இவர் கடித்த சோற்றுருண்டையை மேசையில் வைத்துவிட்டார்.

விளக்குப் போடுகிற நேரத்துக்கு மகன் வந்தான். கதிரையில் இருக்கவில்லை.

"அவள் அழுறாள். உங்களுக்கு அவளைப் பிடிக்கேல்லையெண்டு அவையின்ர வீட்டில முடிவெடுத்திட்டினம். இவ்வளவு தூரம் வந்தவையை வற்புறுத்தக்கூடாது, இதை இதோட விடு எண்டு அவளின்ர அப்பா சொல்லிட்டார். ஏன் சாப்பிடேல்லை? ஒரு வாய்! ஒரு வாய் சாப்பிட்டிருந்தா என்ன?"

இவர் வழக்கத்தைச் சொன்னார். இதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை என்று அவன் கத்தினான். நான் சொல்லச் சொன்னதை நீ ஏன் சொல்லேல்லை என்று இவரும் கத்தினார். பிறகு இவர் குரலை இறக்கி, தன் அக்காவின் கதையைச் சொன்னார். எனக்குத் தெரிந்த கதை, மகன் கேட்டிராத கதை. அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்கள் வீடு நிறைய இருந்து, மத்தியானம் வாழையிலை போட்டுச் சாப்பிட்டு, பாயாசமும் குடித்துவிட்டுப் போனார்கள். ஊரெல்லாம் முற்றாயிற்று என்றே பேசிக்கொண்டது. ஒரு கிழமையில் வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள். கை நனைத்துவிட்டுக் கைவிட்ட பெட்டையிடம் என்ன குறையோ என்று பிறகு வந்தவர்களெல்லாம் விசாரித்தார்கள். அக்கா இன்றைக்கும் தனியத்தான் இருக்கிறா.

"நான் சாப்பிடாமல் இருந்தது அந்தப் பிள்ளைக்காகத்தான்" என்றார். "நாளைக்கு ஏதும் குழம்பினாலும் அவளை ஒருத்தரும் ஒண்டும் சொல்லக்கூடாது."

"அப்பா, அவள் உங்கட அக்கா இல்லை" என்று சொல்லிவிட்டு மகன் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போனான். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

இதில் யாரைக் கோபிப்பது என்று சொல்லுங்கள். இவர் நல்லதுக்கு வாயைக் கட்டினார். அவன் நல்லதுக்குக் கேள்வியை மாற்றினான். அந்தத் தகப்பன் நல்லதுக்கு எங்களை விடுவித்துவிட்டார். ஆளுக்கு ஆள் நல்லவர்களாகி, இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கையை ஒரு மத்தியானத்தில் குழப்பிவிட்டார்கள். ஒருவராவது கொஞ்சம் மரியாதை கெட்டவராக இருந்திருந்தால் காரியம் நடந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான் சேலையைக் கட்டிக்கொண்டேன். எங்கே போகிறேன் என்று இவருக்கு விளங்கிவிட்டது.

"நீர் போய்க் கை நனைச்சால் நான் பிடிச்ச பிடிக்கு என்ன மரியாதை?"

"உங்கட மரியாதையை நீங்களே வைச்சுக் கொண்டிருங்கோ. எனக்கு என்ர பிள்ளை வேணும்."

கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன். ஞாயிறென்றபடியால் ஊரில் ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் கார் கழுவினார், ஒரு பெண் மெத்தையைத் தூக்கி மாடி விளிம்பில் போட்டுத் தட்டினாள். சேலையோடு சரிவில் மூச்சு வாங்க ஏறுகிற என்னைப் பார்த்து எல்லோரும் தலையைத் தாழ்த்தினார்கள். எந்த வரிசை, எந்தக் கதவு என்று எனக்குப் பிடிபடவில்லை. எல்லாம் ஒரே மண்ணிறம், ஒரே படி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் இருந்தென்ன, பாஷை வேண்டாமா? நல்ல காலம், அந்தப் பிள்ளையே வாசலில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

நேற்று எனக்கு நல்ல பசி, இன்றைக்கும் பசி, சாப்பாடு ஏதும் மிஞ்சிக் கிடக்கிறதா என்று ஜெர்மனில் கேட்டேன். அவள் தண்ணீர்க் குழாயை மூடாமலேயே உள்ளே ஓடினாள்.

சிவப்புச் சோறு அப்படியே இருந்தது. தாய் அதைச் சூடாக்கி வைத்தார். நான் கையைக் கழுவிவிட்டு, தடி கரண்டி ஒன்றையும் எடுக்காமல், கையாலேயே சாப்பிட்டேன். மூங்கில் குருத்து, மீன், தோடம்பழம், நேற்றைய பாண்கூட விடவில்லை. தகப்பன் எதிரில் இருந்து பார்த்தார். நான் வாயில் வைத்த பிறகுதான் அவர்கள் மூன்று பேரும் சாப்பிடத் தொடங்கினார்கள். நேற்று நாங்கள் போன பிறகு இந்தச் சாப்பாட்டைத் தொட ஒருவருக்கும் மனம் வரவில்லையாம்.

சாப்பிட்டுக்கொண்டே எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். பிள்ளை தடிகளை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இந்தச் சோறு நல்ல காரியத்துக்கு மட்டும் அவிக்கிற சோறு என்றாள். நேற்று அப்பா குருத்துத் தோண்டினார், அம்மா இந்தச் சோறு அவித்தா, எங்கள் வீட்டில் சம்மதத்தை வேறு எப்படிச் சொல்லுவார்கள், அதை நீங்கள் தொடவில்லையே என்றாள். என் பணியாரத்தைப் பற்றியும் கேட்டுவிட்டேன். பெறுமதியான பொருள் எது வந்தாலும் முதலில் மாடத்துப் படத்தில் இருக்கிற தாத்தாவுக்குத்தானாம். அவர்கள் அதைச் சந்தோசத்தில் செய்திருக்கிறார்கள்! எனக்கு மேசையில் தலையை முட்டவேண்டும் போலிருந்தது.

அவள் எல்லாவற்றையும் தாய்தகப்பனுக்குச் சொன்னாள். தாய் வாயைப் பொத்திக்கொண்டார். தகப்பன் எழும்பி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு பின்பக்கத் தோட்டத்துக்குப் போய்விட்டார். இவ்வளவு சொல்லியும் ஒரு வார்த்தை இல்லை! அங்கே ஒரு மனிதர் வார்த்தை வேண்டும் என்று நிற்கிறார், இங்கே ஒரு மனிதர் வார்த்தை தெரியாமல் நிற்கிறார். நான் கை நனைத்து என்ன, இந்த இரண்டு கிழடுகளும் மனது வைக்காமல் கலியாணம் எப்படி நடக்கும்? இவருக்குப் போன் எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்று நினைத்து, வாய்க்குள் நன்றாகத் திட்டினேன்.

அப்போது வாசல் மணி அடித்தது. பிள்ளை போய்த் திறந்தாள். ஏப்ரன் கட்டிய ஒரு வயதான அம்மா, தோள்மட்டம்கூட இல்லாத ஆள், கோட்டுச் சூட்டுப் போட்ட என் புருசனைச் சட்டைக்கையில் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். கீழ் வரிசையில் இருக்கிற அயலவராம். இவருடைய மீசையில் மாப்பலகாரத் தூள்.

நான் போன கொஞ்ச நேரத்தில் இவரும் புறப்பட்டிருக்கிறார். தானாகவே கை நனைத்து, தன் வாயாலேயே கேட்டுவிடுவது என்று முடிவெடுத்து வந்து, வரிசை மாறி, அந்த அம்மாவின் மணியை அடித்திருக்கிறார். பிள்ளையின் பெரியம்மாவாக்கும் என்று நினைத்துக் குனிந்திருக்கிறார். அந்த அம்மாவும் நேற்று எங்களைத் தெருவில் கண்டவர், விருந்தாளி வந்திருக்கிறார் என்று உள்ளே கூப்பிட்டுத் தேநீரும் பலகாரமும் வைத்திருக்கிறார். தேத்தண்ணிகூடத் தொடமாட்டேன் என்ற மனிதர் அங்கே தட்டைத் துடைத்துச் சாப்பிட்டிருக்கிறார்.

அந்த அம்மா வாசலிலேயே நின்று படபடவென்று சொல்ல, பிள்ளை முகம் சிவக்க ஜெர்மனில் சொன்னாள். "இவர் சாப்பிட்டார், கனக்கப் பேசினார், பிறகு அழுதார். என்ன கேட்கிறார் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஒரு மனிதர் இப்படிக் கேட்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? ஓம் என்று சொல்லிவிட்டேன்."

இவருக்கு அப்போதுதான் வீடு மாறியது விளங்கியது. காதுவரை சிவந்துபோனார். இனி இந்த மனிதர் வெட்கத்தில் திரும்பி நடந்து, நேரே விமானத்தில்தான் ஏறுவார் என்று நான் பயந்துபோனேன்.

சத்தம் கேட்டுத் தகப்பன் பின்பக்கத்தால் வந்தார், காலில் மண்ணோடு. அந்த அம்மா அவருக்கும் அதையே திருப்பிச் சொன்னார், தான் ஓம் சொல்லிவிட்டதாக. தகப்பனின் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். அந்த வீட்டில் அவர் குரலை உயர்த்தி அன்றைக்குத்தான் கேட்டேன். நீளமாக ஏதோ சொன்னார். சொல்லிவிட்டு என்னவரைப் பார்த்து நேரே நின்றார். பிள்ளை அழுதாள், உடனே மொழிபெயர்க்கவில்லை. நான் அவளுடைய கையைப் பிடித்து உலுக்கினேன்.

"அது பக்கத்து வீட்டு அம்மா சொல்கிற சொல் இல்லை என்கிறார். என் மகளுக்கு ஓம் சொல்ல வேண்டியவன் நான், நான் சொல்கிறேன், ஓம் என்கிறார்."

இவர் என் பக்கம் திரும்பினார். "வாயாலை சொல்லிட்டார், கேட்டனீரோ?" என்றார், ஏதோ தான் அருமையாக நடத்தி முடித்த காரியம் மாதிரி. பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய், மடங்காத அந்த முழங்காலை மடக்கித் தரையில் இருந்து, மிச்சச் சோற்றுக்குக் கையை நீட்டினார். பக்கத்து வீட்டு அம்மாவும் வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார். பிள்ளை மகனுக்குப் போன் எடுத்து, உடனே வரச் சொன்னாள்.

நான் சுவரோடு சாய்ந்து நின்று அழுதேன். அந்தப் பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்தாள், சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்திருப்பாள். பாதிதான் சந்தோசம். மற்றப் பாதி சுத்தக் கோபம். இரண்டு ஆண்களும் அந்த ஒரு சொல்லை நேற்று மத்தியானமே சொல்லிக் கேட்டிருந்தால், என் பிள்ளைகள் ஒரு ராத்திரி முழுக்கத் தங்களை ஒருவருக்கும் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கிடந்திருக்க மாட்டார்களே.